மார்கழிப் பனியும் மோட்டார் சைக்கிளின் பின் சொக்கும்

திருநெல்வேலிச் சந்தைக்கு விடியற்புறத்தில் போய் வருபவர்களுக்கு இந்தக் காட்சி புதியதல்ல. மார்கழி, தை மாதங்களில் பனி விலகுமுன்னரே பலாலி வீதியால் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். பின் இருக்கையில் மரவள்ளிக் கிழங்குச் சாக்கு, அதன் இருபுறமும் கத்தரிக்காய் உரப்பைகள், பெற்றோல் தாங்கியின் மேல் கீரைக் கட்டுகள். இவற்றுக்கு நடுவே, காதை மூடித் துவாய் கட்டிய ஒரு மனிதர். ஒரு லொறி சுமக்க வேண்டியதை 100 சி.சி. வண்டி சுமந்து வருகிறது.

சாக்குகளை இறக்கி, வண்டியை எடுத்துக்கொண்டு போன பின்னர் அந்த இடத்து நிலத்தைப் பார்த்தால் ஒன்று தெரியும். பின் சில்லு நின்ற இடத்தில் இரண்டு மூன்று எண்ணெய்த் துளிகள் கிடக்கும். சித்திரை மாதத்தில் இவ்வளவு காண்பதில்லை. பனிக்காலத்தில்தான் கூடுதலாகக் காண்கிறோம்.

இப்படித் துளி விட்ட ஒரு வண்டியின் சொந்தக்காரரை நான் நன்கு அறிவேன். வசாவிளானைச் சேர்ந்தவர். 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஊரை விட்டு வெளியேறியபோது அவருக்கு இருபது வயது. நலன்புரி நிலையம், உறவினர் வீடு, வாடகை வீடு என்று பல இடம் மாறி, இப்போது திருநெல்வேலிக்கு அண்மையில் குடியிருக்கிறார். காணியில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டபின் அங்கே மீண்டும் தோட்டம் செய்கிறார். ஆனால் அங்கே வீடு இல்லை. ஆகவே வீடு ஓரிடம், தோட்டம் ஓரிடம், சந்தை இன்னோரிடம். இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது ஒரு பழைய மோட்டார் சைக்கிள்.

“ஐயா, பின் சொக்கிலே எண்ணெய் வடியுதே, பார்த்தீங்களா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அது பனிக்கு வாற வருத்தம் பாதர். வெயில் ஏற நிண்டிடும்” என்றார்.

மனிதருக்கு வரும் தடிமனைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். நானும் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். என் வண்டியின் பின் சொக்கிலும் இரண்டு மாரியாக அதே கறை இருந்தது. வாரம் ஒருமுறை பழந்துணியால் துடைத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தேன். ஆகவே அவருக்குப் புத்தி சொல்லும் தகுதி அப்போது எனக்கு இருக்கவில்லை.

அதே தை மாதத்தில் ஒருநாள் காலை, கோண்டாவில் பக்கமாக அவர் வந்துகொண்டிருந்தார். வீதி ஈரம். முன்னால் போன ஆட்டோ நின்றது. பின் பிறேக்கை மிதித்தார், சில்லு பிடிக்கவில்லை. வண்டி வழுக்கிச் சாய்ந்தது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பிறகு வண்டியைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், சொக்கிலிருந்து வழிந்த எண்ணெய் ரயரின் பக்கத்திலும் சில்லின் குடத்திலும் படிந்திருந்ததைக் காட்டினார். பிறேக் கட்டைகளிலும் எண்ணெய் ஊறியிருந்தது. இரண்டு மாதம் அவரால் மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்கக் கூலிக்கு ஆள் வைத்தார்கள். அந்தப் போகத்தின் இலாபம் அதோடு போயிற்று.

ஒரு தேநீர்க் கோப்பை அளவுகூட இல்லாத எண்ணெய் ஒரு குடும்பத்தின் போகத்தைக் கொண்டுபோனது. ஆகவேதான் இம்முறை இதைப்பற்றி எழுதுகிறேன்.

சொக் செய்யும் வேலை என்ன?

சொக் அப்சோபர் என்று நாம் சொல்வதில் இரண்டு உறுப்புகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று வெளியே தெரியும் சுருள்வில், அதாவது ஸ்பிரிங். பாரத்தைத் தாங்குவது அதுதான். மற்றது உள்ளே இருக்கும் எண்ணெய்க் குழாய். குழாயின் உள்ளே ஒரு தண்டு மேலும் கீழும் போய் வருகிறது. தண்டின் முனையில் சிறு துளைகள் கொண்ட ஒரு முசலம் இருக்கிறது. சில்லு கிடங்கில் விழுந்து எழும்போது, எண்ணெய் அந்தச் சிறு துளைகளுக்குள்ளால் நெருக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த நெருக்கத்தில் துள்ளலின் சக்தி வெப்பமாக மாறிக் கழிந்துவிடுகிறது. கரடுமுரடான வீதியில் நெடுந்தூரம் ஓடியபின் சொக்கைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருப்பது இதனால்தான்.

எண்ணெய் இல்லாவிட்டால் ஸ்பிரிங் மட்டும் மிஞ்சும். ஸ்பிரிங்குக்குத் துள்ளத் தெரியும், நிற்கத் தெரியாது. ஒரு கிடங்கில் விழுந்த சில்லு இரண்டு மூன்று முறை துள்ளும். துள்ளும் நேரத்தில் ரயர் நிலத்தை நன்றாகப் பற்றாது. பற்றாத ரயருக்கு எவ்வளவு நல்ல பிறேக் இருந்தும் பயனில்லை.

தண்டு குழாய்க்குள் நுழையும் வாயிலில் ஒரு இறப்பர் வளையம் இருக்கிறது. இதுதான் ஒயில் சீல். அதன் மெல்லிய உதடு தண்டை எப்போதும் கவ்விக்கொண்டிருக்கும். எண்ணெய் வெளியே வராமலும் தூசி உள்ளே போகாமலும் காப்பது இந்த உதடுதான். பெரும்பாலும் நைத்திரைல் என்னும் செயற்கை இறப்பரால் இதைச் செய்கிறார்கள். எமது இறப்பர் மரத்துப் பாலில் செய்த இறப்பர் எண்ணெயில் ஊறி வீங்கிவிடும். நைத்திரைல் அப்படி எளிதில் வீங்காது.

குளிர் என்ன செய்கிறது?

குளிர் மூன்று காரியங்களைச் செய்கிறது. முதலாவது, இறப்பர் விறைக்கிறது. உதடு தண்டோடு சேர்ந்து உடனுக்குடன் வளைந்து கொடுக்காமல் சற்றுத் தாமதிக்கிறது. இரண்டாவது, இறப்பர் சுருங்குகிறது. குளிர்ந்தால் உருக்கும் சுருங்கும். ஆனால் இறப்பர் அதைவிடப் பத்து மடங்குக்கும் கூடுதலாகச் சுருங்கும். எனவே சீல் தன் இருப்பிடத்தில் இறுக்கம் குறைந்து நிற்கிறது. மூன்றாவது, எண்ணெய் தடிக்கிறது. காலையில் முதற் கிடங்கில் விழும்போது தடித்த எண்ணெய் துளைகளுக்குள்ளால் இலகுவில் போகாது. உள்ளே அழுத்தம் கூடுகிறது. விறைத்த உதட்டின் மேல் கூடிய அழுத்தம் வந்தால், இடுக்கு உள்ள இடத்தால் எண்ணெய் வெளியே வரும்.

வெயில் ஏறியதும் இறப்பர் இளகி மீண்டும் தண்டைக் கவ்வுகிறது. கசிவு குறைகிறது. வீதித் தூசி வேறு படிந்து, வழிந்த எண்ணெயை உறிஞ்சி மறைக்கிறது. “நிண்டிட்டுது” என்று நாம் சொல்வது இதைத்தான். ஆனால் வெளியே போன எண்ணெய் திரும்பி உள்ளே போவதில்லை.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். யாழ்ப்பாணத்து மார்கழி விடியலில் வெப்பநிலை ஏறக்குறைய 20 பாகை செல்சியஸ். நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் சில இரவுகளில் அது உறைநிலையை அண்மிக்கும். புல்லின் மேல் உறைபனி படியும். அங்கேயும் மரக்கறித் தோட்டக்காரர்கள் இதே வண்டிகளைத்தான் ஓட்டுகிறார்கள். கனடாவில் இருக்கும் எமது உறவினர்களின் வாகனங்கள் உறைநிலைக்கு 20 பாகை கீழான குளிரிலும் ஓடுகின்றன. ஆக, எமது குளிர் ஒரு நல்ல சீலைக் கெடுக்கக்கூடிய குளிரே அல்ல.

2022 மார்கழியில் மண்டூஸ் புயல் வங்கக் கடலைக் கடந்தபோது வீசிய குளிரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் இறந்தன. மழையில் நனைந்து, காற்றுக்கு ஒதுங்க இடமின்றி, தீனியும் போதாமல் நின்ற கால்நடைகளைக் குளிர் முதலில் தாக்கியது. கொட்டிலில் நின்றவை பெரும்பாலும் தப்பின. ஏற்கெனவே நலிந்திருப்பதைத்தான் எமது குளிர் வீழ்த்துகிறது. சீலின் கதையும் இதுவே. 20 பாகைக் குளிரில் உங்கள் சொக் கசிகிறதென்றால், அந்தச் சீல் ஏற்கெனவே பழுதாகிவிட்டது. குளிர் அதை வெளியே காட்டிக் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

ஏழு உயிர்களைக் கொண்ட ஒரு வளையம்

இறப்பர் வளையத்தைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று எண்ணுபவர்களுக்கு ஒரு செய்தி. 1986 தை 28 ஆம் திகதி அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து சலஞ்சர் என்னும் விண்வெளி ஓடம் ஏவப்பட்டது. 73 செக்கன்களில் அது வானில் சிதறியது. ஏழு பேர் இறந்தனர். ஓடத்தின் பக்கத்தில் பூட்டியிருந்த ரொக்கெற்றின் பொருத்தில் இருந்த இறப்பர் வளையம் அன்றைய கடுங்குளிரில் விறைத்து, பொருத்தை மூடத் தவறியதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. ஏவிய நேரத்தில் குளிர் ஏறக்குறைய 2 பாகை. விசாரணைக் குழுவில் இருந்த றிச்சட் பெயின்மன் என்ற பௌதிகவியல் அறிஞர், அந்த இறப்பரில் ஒரு துண்டை நெருக்கிப் பிடித்துப் பனிக்கட்டித் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, நெருக்கியதை விட்டபின்னும் அது உடனே பழைய உருவுக்கு மீளவில்லை என்பதைச் சபையில் எல்லோரும் காணச் செய்துகாட்டினார்.

இதில் எமக்குப் பாடமாக இருப்பது குளிர் மட்டுமல்ல. அதற்கு முந்திய பயணங்களிலேயே அந்த வளையங்களைத் தாண்டிப் புகை கசிந்த அடையாளங்கள் காணப்பட்டிருந்தன. ஏவுவதற்கு முதல்நாள் இரவு பொறியியலாளர்கள் சிலர் எச்சரித்தும் இருந்தார்கள். முன்னைய பயணங்கள் நல்லபடி முடிந்தமையால் இதுவும் முடியும் என்று பொறுப்பில் இருந்தவர்கள் எண்ணிவிட்டார்கள். “வெயில் ஏற நிண்டிடும்” என்று நாம் சொல்வதும் அந்த எண்ணத்தின் சிறு பிள்ளையே.

எமது வண்டிகளில் சீல் ஏன் விரைவில் பழுதாகிறது?

முதற் காரணம் உப்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்த இடமும் கடலுக்கோ கடல்நீரேரிக்கோ தொலைவில் இல்லை. தண்டின் மேல் குரோமியப் பூச்சு இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகளைக் கொண்டது. உப்பு ஈரம் அவ்வெடிப்புகளால் உள்ளே இறங்கி உருக்கைக் கறளாக்குகிறது. சிறு சிறு புள்ளிகளாகக் கறள் கிளம்பும். அப்புள்ளிகள் ஒவ்வொரு அசைவிலும் அரம்போலச் சீலின் உதட்டை அராவுகின்றன.

இரண்டாவது எமது செம்மண். பயிருக்கு இதைவிட நல்ல மண் இல்லை. சொக்குக்கு இதைவிடக் கெட்ட மண் இல்லை. மாவுபோல நுண்ணிய அந்த மண் மாரியில் சேறாகத் தண்டில் ஒட்டிக் காய்ந்து, தண்டு உள்ளே போகும்போது உதட்டுக்குக் கீழே நுழைந்துவிடுகிறது.

மூன்றாவது பாரம். சிறிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை, ஓட்டுபவரையும் சேர்த்து, ஏறக்குறைய 130 கிலோவிலிருந்து 150 கிலோ வரை சுமப்பதற்கே செய்யப்பட்டவை. கணக்குப் பாருங்கள். தோட்டக்காரர் 65 கிலோ, மனைவி 50 கிலோ, ஒரு சாக்குக் கிழங்கு 50 கிலோ. மொத்தம் 165 கிலோ. இந்தப் பாரத்தில் சொக் எப்போதும் முக்கால்வாசி அமுங்கிய நிலையிலேயே ஓடுகிறது. ஒரு கிடங்கு வந்தால் அடிமுட்டிவிடும். அந்த அடி சீலையும் தாக்கும், தண்டையும் வளைக்கும்.

நான்காவது வயது. இறப்பர் ஓடாமல் நின்றாலும் முதிரும். வெயிலில் நிற்கும் வண்டியில் இன்னும் விரைவாக முதிரும். எமது வீடுகளில் பத்து, பதினைந்து ஆண்டு ஓடிய வண்டிகள் ஏராளம். 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்து உதிரிப் பாகங்களின் விலை ஏறியது. 2025 தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தபின்னும், புதிய வண்டியின் விலை சாதாரண தோட்டக்காரருக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. ஆகவே இருக்கும் வண்டியைக் காப்பதே எமக்கு வழி.

இவை நான்குக்கும் பின்னால் ஐந்தாவதாக ஒன்று உண்டு. அது தூரம். தன் காணியில் குடியிருந்து தோட்டம் செய்பவர் சந்தை நாளில் மாத்திரம் வண்டியை எடுக்கிறார். இடம்பெயர்ந்தவர் தண்ணீர் இறைக்கவும் மருந்தடிக்கவும் மாட்டுக்குப் புல்லு வெட்டவும் ஒவ்வொரு நாளும் போய்வர வேண்டியிருக்கிறது. ஒரே வயதுடைய இரண்டு வண்டிகளில், இடம்பெயர்ந்தவருடைய வண்டியே முதலில் தேய்கிறது. இதில் அவருடைய கவனக்குறைவு எதுவும் இல்லை.

பழைய கைப்பழக்கம்

எம் மக்களுக்கு வண்டி திருத்துவது புதிதல்ல. 1990 க்குப் பின்னர் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோலும் பற்றறியும் உதிரிப் பாகங்களும் குடாநாட்டுக்கு வரவில்லை. சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். 1995 ஐப்பசி 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது நான் பாடசாலை மாணவன். குடும்பத்தின் உடைமை முழுவதையும் கட்டிய மோட்டார் சைக்கிள்களை, எண்ணெய் முடிந்து, மழையில் மனிதர்கள் தள்ளிக்கொண்டு போனதைக் கண்டிருக்கிறேன்.

அந்தக் காலம் எமக்குத் துணிவையும் கைத்திறனையும் தந்தது. கூடவே சில பிழையான பழக்கங்களையும் தந்தது. சாமான் கிடைக்காத நாளில் ரியூப் இறப்பரை வெட்டி வளையமாக்கிப் போட்டார்கள். ரியூப் இறப்பர் காற்றைப் பிடிக்கும். எண்ணெயில் சில வாரங்களில் ஊதிக் குழைந்துவிடும். சொக் எண்ணெய்க்குப் பதிலாக எஞ்சின் ஒயிலை விட்டார்கள். எஞ்சின் ஒயில் கூடத் தடிப்பானது. குளிரில் இன்னும் தடிக்கும். மிச்சம் இருக்கும் சீலையும் அது தள்ளிவிடும். வேறு வழி இல்லாதபோது செய்ததை, வழி இருக்கும்போதும் செய்வது சிக்கனமாகாது. கீழே விழுந்த எமது வசாவிளான் ஐயாவின் சொக்கிலும் ஒரு கராஜில் எஞ்சின் ஒயிலே விட்டிருந்தார்கள் என்பது பின்னரே தெரிந்தது.

நீங்களே பார்க்கக்கூடிய மூன்று பரிசோதனைகள்

ஒன்று: துடைத்துப் பார்த்தல். இரவு வண்டியை நிறுத்தியபின் இரண்டு சொக்குகளையும் காய்ந்த துணியால் நன்றாகத் துடையுங்கள். காலையில் வழமைபோல் ஓடி, சந்தையில் பாரத்தை இறக்கியபின் பாருங்கள். தண்டில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மட்டும் தெரிந்தால் பயமில்லை. சீல் தன்னை நனைத்துக்கொள்ள அது வேண்டும். குழாயில் கோடாக வழிந்திருந்தாலோ கீழ் முனையில் துளியாக நின்றாலோ சீல் போய்விட்டது. மூன்று நாள் தொடர்ந்து பாருங்கள். சங்கிலிக்குப் போட்ட எண்ணெய் தெறித்து ஒரு பக்கச் சொக்கில் மட்டும் படிவதும் உண்டு. அது புள்ளி புள்ளியாகக் கறுத்து இருக்கும். கசிவு மேலிருந்து கீழ்நோக்கி ஈரமாக இருக்கும்.

இரண்டு: அமுக்கிப் பார்த்தல். வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டு, பின் இருக்கையைப் பலமாக ஒருமுறை அமுக்கிக் கையை எடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் நல்லது. தொட்டில்போல இரண்டு மூன்று முறை ஆடினால் உள்ளே எண்ணெய் குறைந்துவிட்டது.

மூன்று: தண்டைப் பார்த்தல். ஸ்பிரிங்கின் இடைவெளியால் வெளிச்சம் பிடித்துத் தண்டைப் பாருங்கள். கறள் புள்ளியோ கீறலோ தெரிந்தால், புதிய சீல் போட்டாலும் அது சில மாதங்களில் கிழியும். சொக்கை மாற்றுவதே முடிவில் மலிவு.

கசிவு உறுதியானால்

முதலில் பாரத்தைக் குறையுங்கள். பின் ரயரின் பக்கத்தையும் சில்லின் குடத்தையும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். பிறேக் கட்டையில் எண்ணெய் ஊறியிருந்தால் கழுவியோ தேய்த்தோ ஓட வேண்டாம். புதிய கட்டை போடுங்கள்.

இந்தியாவிலிருந்து வரும் சிறிய வண்டிகளின் சொக்குகளில் பெரும்பாலானவை ஒரேயடியாக அடைத்துச் செய்யப்பட்டவை. அவற்றைத் திறந்து சீல் மாற்ற வழி வைக்கப்படவில்லை. வெட்டித் திறந்து ஒட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழைய ஜப்பானிய வண்டிகள் சிலவற்றின் சொக்குகளைத் திறக்கலாம். அவற்றுக்குச் சரியான அளவுச் சீலும், சொக்குக்கென்றே விற்கும் மெல்லிய எண்ணெயும், சொல்லப்பட்ட அளவில் இட வேண்டும். அளவுக்கு மிஞ்சி விட்டால் முதற் கிடங்கிலேயே புதிய சீலும் பிதுங்கும்.

இரண்டு சொக்குகளில் ஒன்று மட்டும் கசிந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் இருந்தால் வண்டி வளைவில் முறுகும்.

வீட்டில் ஸ்பிரிங்கைக் கழற்ற முயல வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் முகத்தை உடைக்கும். வாயு அடைத்த சொக்குகளைத் துளைப்பதோ சூடாக்குவதோ வெல்டிங் செய்வதோ உயிராபத்து.

கசியாமல் காப்பதற்கு

மாரியில் வீடு திரும்பியதும் தண்டைச் சுற்றிய சேற்றை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவித் துடையுங்கள். காயவிட்டுச் சுரண்ட வேண்டாம். வாகனம் கழுவும் இடங்களில் அழுத்தத் தண்ணீரைச் சீலுக்கு நேரே பிடிக்க விடாதீர்கள். தண்ணீரோடு மணலும் உள்ளே போகும். பெற்றோலாலும் மண்ணெண்ணெயாலும் சீலைக் கழுவ வேண்டாம். உதட்டின் ஈரம் கழன்று, கரைந்த அழுக்கு உள்ளே இறங்கும். பின் மட்காட்டில் அகலமான ஒரு இறப்பர்த் துண்டைத் தொங்கவிட்டால் சேறு குறையும்.

ஸ்பிரிங்கின் அடியில் படிபடியாக வெட்டிய ஒரு வளையம் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். பாரத்துக்கு ஏற்ப ஸ்பிரிங்கை இறுக்குவதற்கானது அது. சாக்கு ஏற்றும் நாட்களில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இறுக்குங்கள். பாரம் இல்லாத நாட்களில் தளர்த்துங்கள். வண்டி வாங்கிய நாள் முதல் அதைத் தொடாதவர்களே எம்மில் அதிகம்.

பனிக்காலக் காலையில் முதல் ஒரு கிலோமீற்றரை ஆறுதலாக ஓடுங்கள். சொக் தானாகச் சூடேறும், எண்ணெய் இளகும், சீல் விழிக்கும். வெயிலில் நிற்கும் வண்டிக்கு ஒரு ஓலைப் பந்தலாவது போடுங்கள்.

தனியே செய்ய முடியாததைச் சேர்ந்து செய்யலாம்

ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றும் கருவியும் வளையத்தைத் திருப்பும் வளைந்த சாவியும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியதில்லை. ஒரு கமக்காரர் அமைப்பிடம் ஒன்று இருந்தால் முழுக் கிராமத்துக்கும் போதும். நம்பகமான ஒரு மெக்கானிக்கிடம் அதைக் கொடுத்து, மாரி தொடங்குமுன் ஐப்பசியில் ஒருநாள் எல்லா வண்டிகளையும் வரிசையில் நிறுத்திப் பார்க்கச் செய்யலாம். பத்துப் பேர் சேர்ந்து சொக் வாங்கினால் கடைக்காரரிடம் விலை பேசவும் முடியும்.

அதைவிட முக்கியமானது பாரம். ஒரே ஒழுங்கையில் பத்து வண்டிகள் பத்துச் சாக்குகளைத் தனித்தனியே சுமந்து பலாலி வீதியால் வருவதற்குப் பதிலாக, ஒரு லாண்ட் மாஸ்டரில் சேர்த்து அனுப்பலாம். முறைவைத்து ஒருவர் சந்தைக்குப் போய் வரலாம். கணக்கு ஒழுங்காக இருந்தால் இது நடக்கும். பத்துச் சொக்குகளின் ஆயுள் கூடும். பத்து வீடுகளில் விடியற்புறப் பயமும் குறையும்.

மணிக்கட்டு சுகமானபின் எமது வசாவிளான் ஐயா இரண்டு புதிய சொக்குகள் போட்டார். வெங்காயம் விற்ற காசில் அல்ல; மனைவி சீட்டுப் பிடித்த காசில். என் வண்டிக்கும் அதே கிழமையில் மாற்றினேன். சென்ற தை மாதத்தில் சந்தையில் கண்டபோது, சாக்கை இறக்கிவிட்டு அவர் குனிந்து பின் சில்லின் அருகே நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன ஐயா தேடுறீங்க?”

“ஒண்டுமில்லைப் பாதர். துளி விழுந்திருக்கோ எண்டு பார்த்தனான்.”

நிலம் காய்ந்திருந்தது. நாளைக் காலை நீங்களும் உங்கள் வண்டி நின்ற இடத்தை ஒருமுறை பாருங்கள்.